ஸ்பானிய வினைச்சொல் மனனமும் வெள்ளிமலைப் பஸ்ஸும்: ஓர் ஆய்வு

ஸ்பானிய மொழிக்கு நெப்ரிஹா 1492இல் இலக்கணம் எழுதினார். அதன் வினைச்சொற்களைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தார் எப்படி உருப்போடுவது என்பதைப் பற்றி மட்டும் அறிஞர்கள் வாய் திறக்கவில்லை. மாவட்டமே 2019 நவம்பரில்தான் பிறந்தது என்பதால் அவர்களை மன்னிக்கலாம்.

ஆய்வுக்களம், கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை ஏறும் பஸ். கல்வராயன் மலை வளைவுகளில் புத்தகத்தை விரித்தால் வயிற்றைப் புரட்டும். கைப்பேசிச் சிக்னல் அதன் இஷ்டத்துக்கு வரும், போகும். மிஞ்சுவது வாய் ஒன்றே.

வாய் போதும் என்பதற்கு முன்னோர் சாட்சி உண்டு. தமிழ் வினைப்பகுதிகள் எந்தெந்த எழுத்தில் முடியும் என்பதைப் பவணந்தி முனிவர் நன்னூலின் ஒரே நூற்பாவில் 23 மாதிரிகளாக அடுக்கிவிட்டார். எதிர்த்திசையில் வந்தவர் பாடுதான் திண்டாட்டம். 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்ச்சுக்கீசியப் பாதிரியார் அன்ரீக்கே அன்ரீக்கஸ், தமிழ் வினைகளை லத்தீன் இலக்கண அச்சில் ஊற்றிப் படித்தார்.

ஸ்பானியம் படிக்கும் தமிழருக்கு அந்தச் சிரமம் இல்லை. ‘பேசுகிறேன்’ என்றாலே பேசுவது நான் என்று தெரிவதுபோல், ‘ஆப்லோ’ என்றாலும் தெரிந்துவிடும். தனியே ‘நான்’ வேண்டாம். பேசுகிறான், பேசுகிறாள், பேசுகிறது மூன்றுக்கும் ‘ஆப்லா’ ஒன்றே. நாம், நாங்கள் என்ற வேறுபாடும் கிடையாது. ‘அப்லாமோஸ்’ என்றால் எதிராளியும் சேர்த்தியா என்பதை அவரே ஊகித்துக்கொள்ள வேண்டும். பந்திக்கு அழைக்கும்போது இது ஆபத்து.

அடுத்தது ஒலி ஒற்றுமை. தெரிந்த சொல்லின் ஓசையில் புதுச்சொல்லை மாட்டிவைக்கும் உத்தியை ஸ்பானியச் சொற்களிலேயே சோதித்து, ரா, அட்கின்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1975இல் கட்டுரை வெளியிட்டார்கள். தமிழருக்கு மாட்டும் ஆணி ஏற்கெனவே அடித்திருக்கிறது. ‘கொடு’ என்று ஏவ ஸ்பானியர் சொல்வது ‘தா’. ‘போகிறேன்’ என்பதற்கு ஏறக்குறைய ‘போய்’. ஆனால் ‘போகிறான்’ என்பதற்கான சொல்லை ஆங்கில எழுத்துக்கூட்டி ‘வா’ என்று வாசித்தால் ஆள் திரும்பி வந்துவிடுவான். சரியான உச்சரிப்பு ‘பா’வுக்கு அருகில்.

‘போலாம்’ என்பதற்கு ‘பாமோஸ்’. இங்கேதான் கண்டக்டர் ஆய்வுக்குள் நுழைகிறார். ஒரே மூச்சில் உருப்போடுவதைவிட இடைவெளி விட்டுப் படித்தால் நினைவில் தங்கும் என்று உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இல் தன்னையே சோதித்து எழுதினார். அந்த இடைவெளியை அரசுப் பேருந்து சில்லறைக் கட்டணத்தில் தருகிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ‘போலாம் ரைட்’ என்ற குரல் கேட்டதும், வாய்க்குள் ஒரு முறை: போய், பாஸ், பா, பாமோஸ், பான். ஐந்தும் ‘போ’ என்ற வினையின் நிகழ்கால வடிவங்கள். முக்கியமாக ஸ்பெயினில் புழங்கும் ஆறாவது ‘பாய்ஸ்’. லத்தீன் அமெரிக்கா போகிறவர் அதை விட்டுவிடலாம். ‘நீங்கள் எல்லாரும்’ என்பதற்கு அங்கே ‘பான்’ போதும்.

ஒழுங்கு தப்பிய வினைகளுக்குக் கொண்டையூசி வளைவுகளே ஏற்றவை. குலுங்கும்போது ‘சோய், எரெஸ், எஸ், சோமோஸ், சோன்’ என்று ஓதலாம். பக்கத்து இருக்கைப் பெரியவர் மந்திரம் என்று நினைத்தால் மறுக்க வேண்டாம். உட்கார இடம் தாராளமாகக் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: இவை ‘இன்னாராக இருத்தல்’ பற்றியவை. ‘வெள்ளிமலையில் இருக்கிறேன்’ என்று வீட்டுக்குச் சொல்ல ‘எஸ்தோய்’ வேண்டும்.

ஐயமும் ஆசையும் சொல்லும் வினைவடிவங்கள் இவ்வாய்வில் சேரவில்லை. அவற்றுக்கு வெள்ளிமலை தூரம் பற்றாது. கருமந்துறை வரை போக வேண்டும். அது சேலம் மாவட்டம்.