இரவல் காப்பு: வகையும் விரியும்

இரவல் காப்பாவது, தன் வாசலுக்கு அடுத்தவன் ஆளைக் காவல் வைப்பது. அது சொற்காப்பு, படைக்காப்பு, உறுப்புக்காப்பு என மூவகைப்படும்.

சொற்காப்புக்கு எடுத்துக்காட்டு, ஒருவரைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகக் கொள்ளும் நேட்டோ ஒப்பந்தத்தின் ஐந்தாம் விதி. 1949 முதல் ஐரோப்பா அதை நம்பித் தூங்குகிறது. விதி இதுவரை ஒரே முறைதான் கையாளப்பட்டது. 2001-ல், அமெரிக்காவைக் காக்க! அவ்விதிக்குப் பல பொருள் உண்டென்று 2025 ஜூனில் டிரம்ப் உரை கண்டார். மூலத்தைவிட உரைக்கே மதிப்பு அதிகம் என்பதை அன்று ஐரோப்பியர் அறிந்தனர்.

படைக்காப்பில் காப்பவன் படை நம் மண்ணில் இருக்கும், செலவு நம்முடையது. திப்பு வீழ்ந்தபின், 1799 ஒப்பந்தப்படி மைசூர் மன்னர் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆண்டுதோறும் 7 லட்சம் நட்சத்திர வராகன் கட்டினார். ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காய்ச்சல் தாங்காமல் 1809-ல் அந்தப் படை பெங்களூருக்கு வந்தது, கன்டோன்மென்ட் பிறந்தது. சிப்பாயாகவும் சமையலாளாகவும் கூடவே வந்த தமிழரின் பேரப்பிள்ளைகளை இன்றும் அல்சூரில் காணலாம். (ஆகவே இவ்வூர்த் தமிழர் இவ்வகையை அதிகம் திட்டுவது முறையன்று.) 1831-ல் நிர்வாகம் சரியில்லை என்று சொல்லிக் கம்பெனி ஆட்சியையே எடுத்துக்கொண்டது. அரசகுடும்பத்துக்கு அது திரும்பக் கிடைக்க 50 ஆண்டு ஆயிற்று. காவலாள் போகமாட்டானே என்பது மைசூரின் கவலை. போய்விடுவானோ என்பது அமெரிக்கப் படை நிற்கும் ஜெர்மனியின் கவலை. நோய் ஒன்று, குறி வேறு.

உறுப்புக்காப்பே மூன்றிலும் நுட்பமானது. வெளியே நம் கொடி, உள்ளே அவன் எஞ்சின். சுவீடனின் கிரிப்பென், பெங்களூரின் தேஜஸ் ஆகிய போர்விமானங்கள் இரண்டும் இவ்வினம். பிரான்சின் ரஃபேல் புறனடை; எஞ்சினும் சொந்தம், செருக்கும் சொந்தம். 1998 பொக்ரான் அணுவெடிப்புக்குப்பின் அமெரிக்கத் தடை வந்தது. தேஜஸின் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக அமெரிக்கா போயிருந்த நம் பொறியாளர்கள் வெறுங்கையோடு ஊர் திரும்பினர். மிச்சத்தை இங்கேயே முடித்து 2001 ஜனவரி 4 அன்று பறக்கவிட்டனர். மென்பொருளை அப்படி முடிக்கலாம், எஞ்சினை முடியாது. அதன் டர்பைன் தகடு, தன் உலோகத்தின் உருகுநிலையையும் மிஞ்சும் வெப்பக்காற்றில் நின்று சுழலவேண்டும். சி.வி.ராமன் நகரில் காவேரி எஞ்சின் பல்லாண்டாக உருவாகிறது. தேஜஸில் இன்னும் ஏறவில்லை.

தேஜஸ் மார்க்-1ஏ-வுக்காக 2021-ல் அமெரிக்காவின் ஜி.இ. நிறுவனத்திடம் 99 எஞ்சின் கேட்டோம். விமானம் 2024 மார்ச்சில் பறந்தேவிட்டது. முதல் எஞ்சின் வந்தது 2025 மார்ச்சில். நடுவில் பறந்தது எதைக் கொண்டு எனின், இருப்பில் கிடந்த வேறோர் எஞ்சினைக் கொண்டு என்க. இரவலுக்குள் இரவலான இவ்வகைக்கு இலக்கணம் இன்னும் பெயரிடவில்லை.