பொண்ணுதான் தம்பி!

சாண் உயரம்கூட வராத பனங்கன்று. அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “பொண்ணுதான் தம்பி, எழுதி வச்சுக்க” என்பார். பனங்கொட்டை ஊன்றி வளர்க்கிறவர் ஊருக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். பாடாலூரில் எங்களுக்கு வாய்த்தவர் கொஞ்சம் முற்றிய ரகம்.

பனை பாளை விட்டால்தான் ஆணா பெண்ணா என்று தெரியும். அதற்கு 12 வருஷமும் ஆகலாம், 20 வருஷமும் ஆகலாம். பனையேறிகளே அதுவரை வாய் திறப்பதில்லை. இவருக்கு ஒற்றை ஓலையிலேயே தெரிந்துவிடும். “எப்படிங்க பெரியப்பா?” என்றால், “நிக்கிற நிலையப் பாரு, என்ன அடக்கம்!” கொஞ்சம் சாய்ந்து நின்றால் ஆண். ஆடு கடித்துவிட்டுப் போனது மட்டும் எப்போதுமே பெண். பொங்கலுக்குப் பையன்கள் ஏரிக்கரையில் அவர் ஊன்றியதில் நாலு கிழங்கைத் தோண்டி அவித்துத் தின்றுவிட்டார்கள். “நாலும் பொட்டப்புள்ளைங்க தம்பி” என்று டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார். வந்தவர்களெல்லாம் துக்கம் விசாரித்துவிட்டுத்தான் டீ குடிக்க முடிந்தது.

பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்களே, அதிலிருந்து மாடு மேய்ப்பவர்கள் பாடு திண்டாட்டம். கன்றை மாடு மிதித்தாலும் “கலெக்டருக்கு எழுதிப்புடுவேன்!”

எழுபதைத் தாண்டியவர் நுங்குக்குக் காத்திருக்கிறாரே என்று சில சமயம் பாசம்கூட வரும். கோடையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு கரையேறுவதைப் பார்த்து வண்டியை நிறுத்தி ஏற்றியும் விட்டிருக்கிறேன். ஆனால் ஏறி உட்கார்ந்ததும் ஆரம்பிப்பார்: “சின்ன வெங்காயமெல்லாம் ஒரு பயிரா? எழுபது நாள்கூடப் பொறுக்க மாட்டேங்கிறீங்க!” என் வெங்காயமோ கோழிக்கால் நோய் வந்து தாள் முறுக்கிக்கொண்டு கிடக்கிறது, மருந்துக்கடைப் பாக்கி நிற்கிறது. அவருக்கு மாசம் பிறந்தால் பென்ஷன். பொறுமைக்கு அதைவிட நல்ல உரம் கிடையாது.

போன மழைக்கு எங்கள் இருவருக்கும் பொதுவான வரப்பின் இரண்டு பக்கமும் கொட்டை ஊன்றினார். முளைத்ததும் வழக்கம்போல் உட்கார்ந்து பார்த்துச் சொன்னார். அவர் பக்கம் உள்ளது அத்தனையும் பொண்ணாம். என் பக்கம் அத்தனையும் ஆணாம்.