ரீமாஸ்டர் ரசிகர்

திண்டுக்கல்லில் நாகல்நகர் முதல் பேகம்பூர் வரை தெருவுக்கு ஒருவராவது காணப்படும் ரீமாஸ்டர் ரசிகர், பாட்டுக் கேட்பதைவிடப் பாட்டை நிறுத்துவதிலேயே தேர்ச்சி பெற்றவர். விஸ்வநாதன்–ராமமூர்த்தி என்னும் இரட்டையர் 1952இல் வந்த ‘பணம்’ முதல் 1965இல் வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ வரை சேர்ந்து அமைத்த இசையே அவரது ஆராய்ச்சிப் புலம். அதற்கு முன்னும் பின்னும் தமிழ்நாட்டில் இசை இருந்ததாக அவர் ஒப்புக்கொள்வதில்லை. ஒரே பாட்டை இசைத்தட்டாகவும் கேசட்டாகவும் சிடியாகவும், 5,000 பாடல்கள் அடங்கிய கார்வான் பெட்டியாகவும் வாங்கி முடித்த பின்னும், பழைய மூல நாடாவின் இரைச்சலை நீக்கி, ஒலியின் ஏற்ற இறக்கங்களைச் சீர்செய்து, பல தட்டுகளை ஒரே பெட்டியில் அடைத்து விற்கும் ரீமாஸ்டர் தொகுப்பு எது வந்தாலும் அதையும் வாங்கி, மாங்காய்ப் பூட்டுப் போட்ட அலமாரியில் வைத்துச் சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொள்வது அவர் வழக்கம்.

விருந்தினர் வந்து அமர்ந்ததும் அலமாரி திறக்கப்படும். பல்லவி முடிந்து இடையிசை, அதாவது சரணத்துக்கு முன் வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் பகுதி, தொடங்கியவுடன் அவர் விரல் பொத்தானை அழுத்திவிடும். “பின்னால ஒரு பாங்கோஸ் வருது, கேட்டீங்களா?” என்பது முதற்கேள்வி. கேட்டதாகச் சொன்னால், அது முன்பு எப்படி அமுங்கிக் கிடந்தது என்று மெய்ப்பிக்கப் பழைய தட்டு எடுக்கப்படும். கேட்கவில்லை என்றால் பாட்டு மறுபடி முதலிலிருந்து. ராமமூர்த்தி வயலின் கலைஞர், விஸ்வநாதன் ஆர்மோனியத்தில் மெட்டமைப்பவர் என்பதைப் பிடித்துக்கொண்டு, ‘இது அவர், இது இவர்’ என்று பாகப்பிரிவினை செய்வதற்காகவும் பாட்டு நிற்கும். (இருவர் ஒன்றாக அமர்ந்து உண்டாக்கியதைப் பிரித்தளக்கும் கோல் எது என்று வினவியவர்களுக்கு அந்த வீட்டில் இரண்டாம் முறை காபி கிடைத்ததில்லை.) ‘பாலும் பழமும்’ (1961) படப் பாட்டொன்று சரணத்தை எட்டுவதற்குள் விருந்தினர் பழனிப் பேருந்தைத் தவறவிட்டிருப்பார்.

அவர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேலான இசையே அடங்கும் என்பதால், திரையில் ஒலித்த பாட்டுக்கும் தட்டில் வந்த பாட்டுக்கும் வேறுபாடு நேர்ந்ததுண்டு. எந்தப் பாட்டில் எந்த அடி விடுபட்டது என்பதை அவர் தூக்கத்திலும் சொல்வார். மின்தடை நேர்ந்த இரவுகளில் அவரே வாயால் இடையிசை உட்பட முழுப் பாட்டையும் நிறுத்தாமல் பாடுவதுண்டு. அப்போது அவரை மன்னிக்கத் தோன்றும். ‘கர்ணன்’ (1964) டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு 2012இல் மீண்டும் திரைக்கு வந்தபோது, பொத்தான் எட்டாத தொலைவில் இருந்த காரணத்தால் எல்லாப் பாடல்களையும் முழுதாகக் கேட்க நேர்ந்ததை அவர் இன்றும் குறையாகவே சொல்கிறார். இருவரும் 1995இல் ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்காக மீண்டும் இணைந்தது அவர் கணக்கில் சேராது. ஒலிப்பதிவு தெளிவாக இருப்பதால் அதில் துலக்குவதற்கு ஒன்றுமில்லையாம்.

ஆனாலும் முடிவுவரை கேட்பதற்காக அமைக்கப்பட்ட பாட்டை முடிய விடாமல் செய்வது ரசனை ஆகாது. வீட்டாருக்கு அது தொல்லை, விருந்தினருக்குத் தண்டனை. அந்த இரட்டையரின் பாட்டொன்றை முழுதாகக் கேட்க விரும்புவோர் பேருந்து நிலையத்தை ஒட்டிய தேநீர்க் கடைகளுக்குச் செல்வது நலம். அங்கே ஒலிபெருக்கி கரகரக்கும், ஆனால் பாட்டை நிறுத்த எவருக்கும் நேரமில்லை.