ஒன்றரை டன் கௌரவம்

சென்னையில் ஏசி வாங்குகிறவனிடம் அறை என்ன அளவு என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை டன் என்றுதான் கேட்பார்கள், புது மருமகளுக்கு எத்தனை பவுன் போட்டார்கள் என்று விசாரிக்கும் அதே குரலில்.

எங்கள் படுக்கையறை பத்துக்குப் பன்னிரண்டு. மேலே இன்னொரு வீடு. இதற்கு ஒரு டன் போதும் என்றதும் கடைப் பையன் முகத்தில் அனுதாபம் படர்ந்தது. ‘ஒன்றரையாப் போட்டுக்குங்க சார், சீக்கிரம் கூலாகும்.’ மச்சான் அவனையும் மிஞ்சினான். அவன் வீட்டில் இதே அளவு அறைக்கு இரண்டு டன். ‘ரெண்டே நிமிஷத்துல ஊட்டி, மாமா!’

ஊட்டிதான், அடைமழை ஊட்டி. பெரிய மெஷின் வந்த வேகத்தில் அறையைக் குளிரவைத்துவிட்டுக் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். சென்னைக் காற்றின் ஈரம் அதற்குள் எங்கே போகும்? காயில் குளிர்ந்தபடி நிதானமாக ஓடினால்தான் ஈரம் அதில் படிந்து, குழாய் வழியே வெளியே சொட்டும். மச்சான் வீட்டில் குழாய் சொட்டுவதில்லை. பெட்ஷீட்தான் சில்லென்று பிசுபிசுக்கிறது. இன்வர்ட்டர் ஏசி வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமே என்பார்கள். குறைக்கும், ஓரளவுக்கு. அதற்கும் கீழே போனால் அதுவும் நின்று நின்றுதான் ஓடும்.

இந்த டன் கணக்கே ஐஸ் வியாபாரக் காலத்தது. ஓர் அமெரிக்க டன், அதாவது 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்தில் கரைய எவ்வளவு வெப்பம் வேண்டுமோ அவ்வளவை வெளியே தள்ளுவது ஒரு டன் ஏசி. மணிக்கு 12,000 பிடியூ. வாட்டில் 3,500 சொச்சம். 1842இல் கட்டிய நம் ஐஸ் ஹவுஸுக்குப் பாஸ்டனிலிருந்து கப்பலில் ஐஸ் வந்தது. அதைத் தருவித்த எந்தத் துரையும் தினம் ஒரு டன்னைப் படுக்கையறையில் குவித்துக்கொண்டு தூங்கியிருக்க மாட்டான். நமக்கு அதுவும் பத்தவில்லை.

மேல்வீட்டுக்காரர் கதை வேறு. அவர் தலைக்கு மேல் மொட்டை மாடி. பகலெல்லாம் குடித்த வெயிலைத் தளம் நடுராத்திரி வரை கீழே விட்டுக்கொண்டிருக்கும். போதாததற்கு மேற்குச் சுவர் வேறு. அவர் ஒன்றரை டன் போட்டால் நியாயம். நாங்கள் போட்டால் மச்சான்தனம்.

ஒரு டன்னுக்கே பில் போட்டோம். படுப்பவர்கள் எத்தனை பேர் என்ற இடத்தில் கடைப் பையன் இரண்டு என்று எழுதிக்கொண்டான். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை போலும்.

அக்னி நட்சத்திரம் பிறந்த ராத்திரி அம்மா பாயோடு வந்தார். பின்னாலேயே அப்பா, செம்புத் தண்ணீரோடு. பிள்ளைகள் இரண்டும் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே இடம் பிடித்தன. மதுரையிலிருந்து லீவுக்கு வந்திருந்த சித்தி, சித்தப்பா, அவர்கள் பையன் வாசற்படி ஓரம். மனுஷன் சும்மா உட்கார்ந்திருந்தாலே ஏறக்குறைய 100 வாட் வெப்பம் விடுவான். ஒன்பது பேருக்கு 900 வாட்; டன்னில் கால்வாசி குடும்பத்துக்கே சரியாகிவிட்டது. கதவோ, யாராவது தண்ணீர் குடிக்கப் போவதும் வருவதுமாகச் சாத்தியபாடில்லை.

‘16ல வைடா, சீக்கிரம் குளிரும்’ என்றார் சித்தப்பா. 16 வைத்தாலும் 24 வைத்தாலும் ஒரு டன் மெஷினால் தள்ள முடிந்தது ஒரு டன்தான் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு ரிமோட்டைத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, மூன்றாவது நிமிடம் குறட்டை விட ஆரம்பித்தார்.