மதகடியில் மன்செஸ்டர்

நல்லூரில் கொடி ஏறினால் கச்சான் கடையும் ஐஸ்கிறீம் வானும் கனடாக்காரரும் ஒன்றாக வந்து இறங்குவார்கள் என்பது உலகறிந்த விஷயம். இங்கிலாந்துக் கழகங்கள் ஆள் வாங்கி, ஆள் விற்கும் காலமும் ஏறக்குறைய அதுதான் என்பது எங்கள் மதகடிக்கு மட்டும் தெரிந்த விஷயம். திருவிழா இருபத்தைந்து நாளில் முடிந்துவிடும். மதகடி வழக்கோ செப்டெம்பர் பிறக்கும் வரை இழுபடும். அதற்குப் பிறகும் மேன்முறையீட்டுக்கு இடமுண்டு.

வலிகாமத்தில், வாசிகசாலைக்கும் சலூனுக்கும் நடுவே இருக்கிறது அந்த மதகு. தண்ணீர் ஓடி நான் கண்டதில்லை, கதைதான் ஓடும். கூடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மன்செஸ்டர் யுனைற்றட் ஆட்கள். மாஸ்டர் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட காலத்து ஆள். கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். சலூன்கார அண்ணை யுனைற்றட்டுக்கு வந்தது பெக்காமின் தலைமயிர் வழியாக. அந்த வெட்டுக்கு ஒரு காலத்தில் பொடியள் வரிசையில் நின்றார்களாம், அந்த நன்றிக்கடன் இன்னும் தீரவில்லை. மூன்றாவது அணி இளசுகள். அவர்களைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கும். யுனைற்றட் கடைசியாக லீக் பட்டம் வென்றது 2013 இல். அந்த வருஷம் புலமைப்பரிசில் சோதனைக்கு இருந்த பொடியன் மூன்றாம் தரமும் ஏ.எல். எடுத்து முடித்துவிட்டான். யுனைற்றட்டின் பெறுபேறு இன்னும் வரவில்லை.

எதிர்க்கட்சி ஒரே ஒருவர், லிவர்பூல்காரர். வேறு ஊரிலிருந்து எங்கள் ஊரில் பெண் எடுத்தவர். மாப்பிள்ளை என்பதால் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்ல முடியாது. 2025 இல் லிவர்பூல் இருபதாவது லீக் பட்டத்தை எடுத்து யுனைற்றட்டின் கணக்கைச் சமன் செய்த அன்று, மனிசன் ஒரு சொல் பேசவில்லை. ஒரு பெட்டி லட்டு வாங்கி வந்து மதகில் வைத்துவிட்டுப் போனார். அதைவிட அவர் எங்களைப் பேசியே இருக்கலாம். லட்டு என்னவோ நல்ல லட்டுத்தான்.

முகாமையாளர் பேர்கசன் போனபிறகு யுனைற்றட் வாங்கிய ஆட்களின் கதை தொடங்கினால் தேத்தண்ணி ஆறிவிடும். போக்பாவையே எடுங்கள். 2012 இல் அவர் ஒப்பந்தம் முடிந்து ஜுவென்ரசுக்குப் போனபோது யுனைற்றட்டின் கைக்கு வந்தது சில்லறை. நாலு வருஷம் கழித்து அதே ஆளை 89 மில்லியன் பவுணுக்குத் திருப்பி வாங்கினார்கள், அன்றைக்கு அது உலக சாதனை. 2022 இல் அவர் மறுபடியும் சும்மா போய்விட்டார், மறுபடியும் ஜுவென்ரசுக்கே.

"இதில என்ன புதினம்?" என்றார் மாஸ்டர். "எங்கட ஆக்கள் வெங்காயம் கிண்டின உடன வந்த விலைக்குத் தள்ளிப்போட்டு, தீபாவளிக்கு அதே வெங்காயத்தைத் திருநெல்வேலிச் சந்தையில கிலோக் கணக்கில வாங்கிறேல்லையோ? யுனைற்றட் உண்மையான யாழ்ப்பாண வியாபாரம்தான் செய்யுது."

அலெக்சிஸ் சான்செஸ் 2018 ஜனவரியில் வந்தார். அவர் பியானோ வாசிக்கிற வீடியோ போட்டு வரவேற்றார்கள். 45 ஆட்டம், 5 கோல். பியானோவுக்கு ஆள் தேடியிருந்தால் குறை சொல்ல இடமில்லை.

2015 ஓகஸ்ட் 31 ஆம் திகதிக் கதை வேறு ரகம். கோலி டி கெயாவை ரியல் மட்ரிட்டுக்கு விற்க எல்லாம் பேசி முடிந்தது. கடைசி நேரத்தில் பத்திரங்கள் பிந்திப் போய்ச் சேர்ந்ததால் விற்பனை நின்றுபோனது. ஃபக்ஸ் மெஷினின் பிழையென்று ஒரு கதை உலாவியது. மதகடிக்கு அதுதான் பிடித்திருந்தது. "இவ்வளவு காசு வைச்சிருக்கிறவங்களுக்குச் சந்திக் கொமினிகேசனுக்கு ஒருக்காப் போய்வர ஆளில்லையோ?" என்று சலூன்கார அண்ணை கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். கதிரையில் கழுத்து நீட்டியிருந்த வாடிக்கையாளர், ஆளில்லைத்தான் என்று உடனே ஒப்புக்கொண்டார்.

எல்லாவற்றுக்கும் மேலே 2022 இல் வந்த அன்ரனி. அயக்ஸ் கழகத்துக்குக் கொடுத்தது 95 மில்லியன் யூரோ. இன்றைய விலைக்கு இலங்கைக் காசில் 3,000 கோடிக்கு மேலே. மாஸ்டர் இதைச் சோக்கட்டியால் மதகிலேயே எழுதிப் பெருக்கிக் காட்டினார், பூச்சியம் எழுத மதகு போதவில்லை. குருநகரிலிருந்து எங்கள் ஊருக்கு மீன் கொண்டுவரும் அண்ணை சைக்கிளை நிற்பாட்டிவிட்டுச் சொன்னார்: "துலைஞ்சதைத் தேடித் தாறவர் எங்கட பாசையூர் அந்தோனியார். இவ்வளத்தையும் துலைக்கப்பண்ணினவனுக்கும் அவற்ற பேரைத்தானே வைச்சிருக்கிறாங்கள்." பிறகு அன்ரனி இரவலாக ஸ்பெயினின் பெற்றிஸ் கழகத்துக்குப் போய் அங்கே கோலாக அடித்தது, அந்தோனியார் ஸ்பெயினில் தேடிக் கொடுத்ததால் என்று அவருடைய முடிவு.

இந்த மீன்கார அண்ணையை யுனைற்றட்காரர் என்று சொல்ல முடியாது. அவருடைய கழகம் குருநகர் பாடும்மீன். வேறு எதையும் அவர் கழகமாகக் கணக்கெடுப்பதில்லை. ஆனால் 2025 ஓகஸ்ட் 27 ஆம் திகதிக்குப் பிறகு இங்கிலாந்திலும் அவருக்கு ஒரு கழகம் கிடைத்துவிட்டது. அன்றைக்கு லீக் கிண்ணத்தில் நாலாம் பிரிவுக் கழகமான கிறிம்ஸ்பி ரவுன் யுனைற்றட்டைத் தூக்கி எறிந்தது. 2–2 இல் முடிந்து, பெனல்டி அடி விடிய விடிய நடந்து, 12–11. எங்களுக்கு இங்கே நடுச்சாமம் தாண்டிவிட்டது, நாய்கூடக் குரைக்காத நேரம். கிறிம்ஸ்பி ஒரு மீன்பிடித் துறைமுகம். அதன் ஆதரவாளர்கள் காற்றடித்த பிளாஸ்ரிக் மீனைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வருகிறவர்கள். இதை ஒரு பொடியன் போனில் காட்டியதும் அண்ணைக்கு வந்த சந்தோசம் சொல்லி முடியாது. "மீன்காரரோட சொறியக்கூடாது எண்டு ஆரும் உவங்களுக்குச் சொல்லேல்லையோ?" அன்று விளைமீன் விலையில் எல்லோருக்கும் கழிவு கொடுத்தார். அதற்கு முந்திய பருவத்தில் லீக்கில் பதினைந்தாம் இடம், ஐரோப்பிய இறுதியாட்டத்தில் ரொட்டன்ஹாமிடம் தோல்வி. அதையெல்லாம் தாங்கிய மாஸ்டர் இந்த விளைமீனை மட்டும் வாங்க மறுத்துவிட்டார். வீட்டில் அதற்கு வேறு வழக்கு நடந்ததாகக் கேள்வி.

சரிவுக்குக் காரணம் யார் என்ற விசாரணையில் கட்சிகள் பல. 2005 இல் அமெரிக்கக் கிளேசர் குடும்பம் கடன் எடுத்துக் கழகத்தை வாங்கி, அந்தக் கடனைக் கழகத்தின் தலையிலேயே ஏற்றியது என்பது மாஸ்டரின் குற்றப்பத்திரம். இளசுகளுக்கு முகாமையாளர்களில்தான் கோபம். மோயஸ் தொடங்கி வந்தவர் போனவர் பெயரைப் பின்னுக்கிருந்து முன்னுக்கும் சொல்லுவார்கள், சமயபாடத்தில் நாயன்மார் பெயர் அப்படி வராது. சலூன்கார அண்ணைக்கு ஓல்ட் ட்ரபர்ட் கூரை. 2024 மே மாதம் ஆர்சனலோடு தோற்ற அன்று மழை பெய்து, கூரைக்குள்ளால் அருவியாக ஊற்றியதை உலகமே பார்த்தது. "இரண்டு கிடுகு செருகினால் நிண்டிருக்கும்," என்றார். பிறகு 2024 இல் பங்கு வாங்கி வந்த ரட்கிளிஃப் செலவைக் குறைக்கிறேன் என்று நூற்றுக்கணக்கான வேலையாட்களை நிற்பாட்டி, மிஞ்சியவர்களின் இலவச மதியச் சாப்பாட்டிலும் கை வைத்தார். இந்தச் செய்தி வந்த அன்றுதான் மதகடி முழுவதும், லிவர்பூல் மாப்பிள்ளை உட்பட, ஒரே கட்சியாக நின்றது. பந்தடி தோற்கலாம். சாப்பாட்டை நிற்பாட்டுகிறவனுக்கு இந்த மண்ணில் மன்னிப்பில்லை.

இவ்வளவும் நடக்கும்போது மதகுக்குப் பின்னால் ஒரு மைதானம் கிடக்கிறது. அது எங்கள் கழகத்தின் மைதானம். கழகத்தின் பெயரைச் சொல்லமாட்டேன், நான் அந்த ஊரில் இன்னும் குடியிருக்க வேண்டும். நாவாந்துறை சென்.மேரிஸ், இளவாலை யங்ஹென்றீசியன்ஸ், ஊரெழு றோயல் என்று பெயர் பெற்ற கழகங்களின் வரிசையில் நாங்கள் ஒருபோதும் இருந்ததில்லை. ஆனால் அவர்கள் எங்களோடு ஆடவரும்போது கொஞ்சம் யோசித்துக்கொண்டு வந்த காலம் ஒன்று இருந்தது. அப்போது அணிக்குப் பதினொரு பேர். பிறகு, "அணிக்கு 9 பேர் பங்குபற்றும் மாபெரும் சுற்றுப்போட்டி" என்று நோட்டீஸ் வந்தால்தான் விண்ணப்பித்தோம். அடுத்து அணிக்கு ஏழு. இப்போது மின்னொளியில் அணிக்கு ஐந்து பேர் ஆடும் போட்டிகள் வரத் தொடங்கிய பிறகு மறுபடியும் எங்களுக்கு ஒரு மாற்று வீரரும் மிச்சமிருக்கிறார்.

ஆள் எங்கே போனது என்று கேட்கத் தேவையில்லை. எங்கள் இடப்பக்க ஆட்டக்காரன் பாரிசில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறான். நடுக்களம் லண்டனில் பெற்றோல் செற்றில் இரவு வேலை. பின்களம் முழுவதும் ஒரே வருஷத்தில் விசிற்றர் விசாவில் ரொறன்ரோவுக்கு எழும்பிவிட்டது, அதுவும் அரையிறுதிக்கு முதல் கிழமை. உலகத்தில் எந்தக் கழகமும் ஆளை விட்டால் காசு வாங்கும். எங்களிடம் ஆள் போவதற்கு ஆளின் தகப்பன்தான் தோட்டக்காணியை ஈடு வைத்து ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்ட வேண்டும். கழகம் தன் பங்குக்கு ஒரு மாலையும் நினைவுச்சின்னமும் கொடுத்து, படம் எடுத்து அனுப்பிவைக்கும். அந்தப் படங்கள் வாசிகசாலைச் சுவர் நிறையத் தொங்குகின்றன, கிண்ணம் வென்ற படங்களைவிட அதிகமாக.

இரவல் வீரர்களும் எங்களுக்கு உண்டு. நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தவர்களை வைத்து ஓகஸ்டில் ஓர் அணி கட்டலாம். போன வருஷம் அப்படிக் கட்டினோம். சப்பாத்து உலகத்தரம், பந்து உலகத்தரம், மூட்டுப் பட்டி உலகத்தரம். முதல் பத்து நிமிடம் கண்கொள்ளாக் காட்சி. பிறகு இருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள், ஒருவர் இளநீர் கேட்டார், சுவிசிலிருந்து வந்த கப்டன் நடுவரிடம் போய், "அண்ணை, இன்னும் எவ்வளவு நேரம் கிடக்கு?" என்று விசாரித்தார். அவருக்குக் காட்டியது மஞ்சள் அட்டையோ அனுதாபமோ, தூரத்திலிருந்து தெரியவில்லை.

பெயர் மட்டும் ஊருடையதாக இருந்தால் கிண்ணம் எடுக்கலாம் என்பதற்குக் கிரிக்கெட்டில் சாட்சி இருக்கிறது. லங்கா பிரிமியர் லீக்கில் யாழ்ப்பாணத்தின் பெயரால் ஓர் அணி 2020, 2021, 2022, 2024 என்று நாலு தரம் கிண்ணம் எடுத்தது. அதில் உண்மையாகவே யாழ்ப்பாணத்தான் என்று விரல் நீட்ட வியாஸ்காந்த் இருந்தார், யாழ். மத்திய கல்லூரிப் பொடியன். நாலு கிண்ணத்துக்கும் ஓர் ஆட்டம்கூட யாழ்ப்பாண மண்ணில் நடக்கவில்லை. உதைபந்தாட்டத்தில் அதுவும் இல்லை. 2021 இல் தொடங்கிய சுப்பர் லீக்கில் பத்துக் கழகம், வடக்கிலிருந்து ஒன்றுகூட இருக்கவில்லை. 2023 ஜனவரியில் ஃபீஃபா இலங்கைச் சம்மேளனத்தையே இடைநிறுத்தியது. அப்போது மதகடியில் ஒருவருக்கும் கவலையில்லை. அந்த மாதம் யுனைற்றட் வென்றுகொண்டிருந்தது.

இந்த வருஷப் பொதுக்கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒரு வாங்கிலில் அடங்கிவிட்டார்கள். நிகழ்ச்சிநிரலில் ஒரே விஷயம்: ரொறன்ரோவிலிருந்து வந்த வட்ஸ்அப் குரல்பதிவு. எங்கள் கழகத்துக்கு அங்கே ஒரு கிளை இருக்கிறது, இருபத்திரண்டு பேரோடு, சொந்த பஸ் வைத்து. கோடைச் சுற்றுப்போட்டிக்கு அவர்களுக்குக் கோலி இல்லையாம். எங்கள் கோலிக்கு விசா வந்துவிட்டதென்று கேள்விப்பட்டார்களாம். கொஞ்சம் கெதியாக விட முடியுமோ?

"சும்மா விடேலாது," என்றார் மாஸ்டர், மேசையில் தட்டி. கழகத்தின் வரலாற்றில் முதல் தடவையாக ஆளுக்கு விலை கேட்கப்பட்டது. அவர் முதலில் கேட்டது நாலு மின்னொளிக் கோபுரம். அவர்கள் இரண்டு செற் ஜேர்சி என்றார்கள். இரவிரவாகப் பேச்சு நடந்தது. இடையில் அவர்கள் தங்கள் பழைய வலையையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார்கள், மாஸ்டர் அசையவில்லை. செயலாளர் மெதுவாக, "மாஸ்டர், உங்களை யுனைற்றட் எடுத்திருக்க வேணும்," என்றார். கடைசியில் இரண்டு செற் ஜேர்சியும் புல் வெட்டும் மெஷின் ஒன்றும் என்று முடிவானது. கோலிக்கு மாலை போடும் செலவு எங்களுடையது.

மெஷின் போன கிழமை வந்து சேர்ந்தது. நல்ல சாமான், ஜப்பான் எஞ்ஜின். மைதானம் முழுவதும் வெட்டி, கோட்டுக்குச் சுண்ணாம்பும் போட்டாயிற்று. செயலாளர் வாசிகசாலைப் பலகையில் கோலி தேவை என்று எழுதி ஒட்டியிருக்கிறார். தகைமை என்ற இடத்தில் முதலில் "உயரம்" என்று எழுதி, பிறகு அதை வெட்டிவிட்டு "கடவுச்சீட்டு இல்லாதவர் விரும்பத்தக்கது" என்று போட்டிருக்கிறார்.