முட்டிக்கிட்டு வரணும்

"ஒரு மணி நேரம் முன்னாடி ஒரு லிட்டர் தண்ணி குடிச்சிடுங்க மேடம். யூரின் போயிடாதீங்க. நல்லா முட்டிக்கிட்டு வரணும்." ஸ்கேன் சென்டர் பெண் போனில் தெளிவாகத்தான் சொன்னாள். எல்லாரிடமும் நல்ல பெயர் வாங்க நினைக்கும் புத்தி எனக்கு. பத்து மணி அப்பாயின்ட்மென்ட்டுக்கு விடியற்காலையிலேயே சொம்பும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன். ஆட்டோ ஏறி இறங்கிய ஒவ்வொரு வேகத்தடையிலும் குலதெய்வத்தைக் கூப்பிட்டேன்.

அங்கே போனால் கூட்டம். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம் என்ற 1994-ஆம் வருஷத்துச் சட்டப் போர்டை எழுத்தெழுத்தாகப் படித்துக் கவனத்தைத் திருப்பிப் பார்த்தேன். முடியவில்லை. 'கொஞ்சூண்டு மட்டும்' என்று பாத்ரூமுக்குள் போனேன். கொஞ்சூண்டில் நிறுத்தும் வித்தை யாருக்காவது கைவந்திருந்தால் அவர்களுக்கு என் வணக்கம். வெளியே வந்தேன், என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"பிளாடர் நிறையவே இல்லையே, யூரின் போனீங்களா?"

"இல்லையே டாக்டர்."

நாற்பது வயது தாண்டியவள், திரையில் என் சிறுநீர்ப்பை சுருங்கிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே பொய் சொன்னேன். டாக்டர் பொறுமையாக விளக்கினார். குடலில் இருக்கும் காற்று ஒலி அலையைத் தடுத்துவிடுமாம். நிறைந்த சிறுநீர்ப்பை குடலை ஒதுக்கிவிட்டுக் கர்ப்பப்பையைக் காட்டுமாம். மறுபடி வெளியே, மறுபடி தண்ணீர்.

இரண்டாம் முறை ஜெல்லைத் தடவி அழுத்தியபோது பல்லைக் கடித்துத் தாங்கினேன். கடைசியில், "ஓவரி சரியாத் தெரியல. உள்ள வச்சுப் பார்த்துடலாம். யூரின் போயிட்டு வாங்க" என்றார். அதற்குச் சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டுமாம். அவசரத்தில் சுடிதார் நாடாவை இழுத்தேன், முடிச்சு விழுந்துவிட்டது. அந்த முடிச்சோடு ஒற்றைக்காலில் நான் ஆடிய ஆட்டம் பாத்ரூம் சுவருக்குத்தான் தெரியும்.

உள்ளே வைக்கும் கருவியை யூடியூபில் பார்த்துவிட்டுத் தூங்காமல் கிடந்தவள் நான். முழு நீளமும் உள்ளே போகும் என்று நினைத்திருந்தேன். பாதிக்கு மேல் கைப்பிடிதான். ஆணுறை மாட்டி, ஜெல் தடவி, சொல்லிவிட்டுத்தான் மெதுவாக வைத்தார். பக்கவாட்டில் திருப்பும்போது ஓர் அழுத்தம், அவ்வளவுதான். வலித்தால் சொல்லுங்கள், நிறுத்திவிடுகிறேன் என்றார். கூட ஒரு நர்ஸ் இருந்தார். திரையில் கறுப்பு வட்டம் ஒன்றைக் கண்டதும் "ஐயோ, கட்டியா?" என்று அலறினேன். மாசாமாசம் கருமுட்டை வளரும் பைதானாம். நர்ஸ் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார்.

உள்ளே வைக்கும் ஸ்கேனுக்குப் படுப்பதற்கு முன், "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டிருந்தார்கள். கழுத்தில் தாலியோடு நிற்பவளிடம் என்ன கேள்வி என்று முறைத்தேன். உடலுறவு அனுபவம் இல்லாதவர்களுக்குப் பொதுவாக இந்த ஸ்கேன் எடுப்பதில்லை. அதைத்தான் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். கல்யாணம் ஆகாத பெண் இதற்கு என்ன பதில் சொல்வாள்? நேராகவே கேட்கலாம்.

ரிப்போர்ட்டில் கர்ப்பப்பை 'பல்க்கி' என்றிருந்தது. என் உடம்பைத்தான் கிண்டல் செய்கிறார்கள் என்று வீடு வரும்வரை பொருமினேன். கொஞ்சம் பெருத்திருக்கிறது, சின்ன ஃபைப்ராய்டு, இப்போதைக்கு மருந்து போதும் என்று மகப்பேறு மருத்துவர் சொன்ன பிறகுதான் கோபம் இறங்கியது.

பிறகு நாத்தனாருக்கு ஸ்கேன் எழுதிக்கொடுத்தார்கள். எல்லாம் தெரிந்தவளாகப் பக்கத்தில் நின்று ஒரு லிட்டர் தண்ணீரைக் குடிக்க வைத்து அனுப்பினேன். அவள் சீட்டில் எழுதியிருந்ததே உள்ளே வைத்துப் பார்க்கிற ஸ்கேன்தான்.