எழுதினால் ஓடாது, ஓடினால் எழுதாது

கேள்வி: கம்பியூட்டரில் ‘டிஇபி’ என்று ஒன்று இருக்கிறதே, அதை நிறுத்தினால் வேகம் கூடுமா? – வாசகர், சாட்டி

பதில்: கூடும், கள்ளன் உள்ளே வருகிற வேகம்.

கேள்வி: அது அப்படி என்னதான் செய்கிறது?

பதில்: நினைவகத்தில் படமும் கடிதமும் கட்டளையும் வெறும் எண்களாகவே கிடக்கின்றன. எது வாசிக்க, எது செய்ய என்று பிராசசருக்குத் தெரியாது. நயினாதீவு அம்மன் திருவிழாவில் பிள்ளையைத் தவறவிட்டவர்கள் ஒலிபெருக்கிக்காரரிடம் துண்டு எழுதிக் கொடுப்பார்கள். பெயருக்குக் கீழே ‘உண்டியல் திறப்பை இவரிடம் கொடு’ என்றும் எழுதியிருக்க, அவர் எழும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தால்?

1988 நவம்பர் 2இல் ரொபர்ட் மொரிஸ் என்ற கோர்னெல் மாணவர் விட்ட கணினிப் புழு செய்தது இதைத்தான். 512 பைட் கொள்ளும் இடத்தில் 536 பைட்டைத் திணித்தது. வழிந்தது, புரோகிராம் திரும்பிப் போகவேண்டிய முகவரியின்மேல் விழுந்தது. தரவாக வந்த கட்டளையை வாக்ஸ் கணினிகள் பவ்வியமாக ஓட்டின. (மொரிஸ் பிறகு எம்.ஐ.டி. பேராசிரியரானார். படிக்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாதீர்கள்.)

டிஇபி என்ற மருந்து ஒரேயொரு பிட். நினைவகத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ‘இங்கே உள்ளதை ஓட்டாதே’ என்று குறித்துவைக்கலாம். மீறினால் பிராசசர் கத்தும். இயங்குதளத்தின் மையமான கேர்னல் அந்தப் புரோகிராமையே நிறுத்திவிடும். ஏஎம்டி 2003இல் அந்தப் பிட்டைக் கொடுத்தது. விண்டோஸ் எக்ஸ்பி 2004இல் பயன்படுத்தத் தொடங்கியது.

கேள்வி: மொரிஸின் புழு யாழ்ப்பாணம் வந்திருந்தால்?

பதில்: போர்க்காலத்தில் 1990இலிருந்து பல வருடம் எங்களுக்குக் கரண்டே இருக்கவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்ட சனத்திடம் எந்தப் புழு வாலாட்டும்?

கேள்வி: கேர்னலும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படுமா?

பதில்: இப்போது கட்டுப்படுகிறது. முன்பு மற்றவர்களுக்குச் சட்டம் போட்டுவிட்டுத் தன் பக்கங்களைத் திறந்தே வைத்திருந்தது. நம் நாட்டவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாதாரணப் புரோகிராமின் பக்கத்திலுள்ள கட்டளையைக் கேர்னல் ஓட்டாதபடி இன்டெல் பூட்டுப் போட்டது 2012இல்தான்.

கேள்வி: அப்போ களவு ஒழிந்ததா?

பதில்: 2007இல் ஹோவாவ் ஷாச்சம் என்ற ஆய்வாளர் காட்டினார்: புதிய கட்டளை எதையும் கொண்டுவர வேண்டாம், ஏற்கெனவே உள்ள நல்ல கட்டளைகளின் வால்துண்டுகளைக் கோத்தாலே போதும். எல்லாம் ஓட அனுமதி பெற்ற பக்கங்கள். பிட் என்ன செய்யும்?

கேள்வி: எழுதக்கூடிய பக்கம் ஓடக்கூடாது என்ற இந்தச் சட்டத்துக்கு விதிவிலக்கு உண்டா?

பதில்: பிரவுசர். ஜாவாஸ்கிரிப்டுக்காக அது தானே கட்டளை எழுதி உடனே ஓட்டவேண்டும். பயர்பாக்ஸ் 2016இல் எழுதும்போது ஓட்டத்தையும், ஓடும்போது எழுத்தையும் மாறிமாறிப் பூட்டத் தொடங்கியது.